வாய்க்கால் ஓரமாகச் சிங்கப்பூர்: ஒரு மிதிவண்டி வாரம்

திங்கட்கிழமை: பீஷானிலிருந்து காலாங் வரை

சிங்கப்பூரில் வாழ்பவர்களின் மனத்தில் ஊரின் வரைபடம் பெரும்பாலும் பெருவிரைவு ரயிலின் வரைபடமாகவே பதிந்திருக்கிறது. பீஷானுக்கும் காலாங்கிற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டால், எந்த நிலையத்தில் இறங்கி ரயில் மாற வேண்டும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். நிலத்தின் மேலே, மிதிவண்டியின் வேகத்தில், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வழி கண்டுபிடித்துப் போவது எப்படி என்பதை இந்தப் பள்ளி விடுமுறை வாரத்தில் முறையாகப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, மடக்கு மிதிவண்டியுடன் இன்று காலை பீஷான்–அங் மோ கியோ பூங்காவிலிருந்து புறப்பட்டேன். அன்றன்று கண்டதை அன்றன்று மாலையே எழுதிவிடுவதாக எண்ணம்.

இங்கிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் முதல் பூங்கா இணைப்புப் பாதை இந்தப் பூங்காவையும் காலாங் ஆற்றோரப் பூங்காவையும் இணைத்து 1992இல் உருவானது. நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள தீவில், வீடும் சாலையும் எழுப்ப முடியாமல் மிச்சமிருக்கும் நிலம் எது என்று பார்த்தபோது, கால்வாய்களைப் பராமரிப்பதற்காக அவற்றின் கரைகளில் விடப்பட்டிருந்த ஒடுக்கமான நிலப்பட்டைகளும், சாலையோரங்களில் ஒதுக்கியிருந்த பசுமைத் துண்டுகளும் கண்ணில் பட்டன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தேசியப் பூங்காக் கழகம் வளர்த்தெடுத்த வலைப்பின்னல் இன்று 300 கி.மீ.க்கும் மேல் நீண்டிருக்கிறது. வழி தேடுகிறவருக்கு இந்தப் பிறப்பு வரலாறு மிகவும் பயன்படுகிறது. பாதை கால்வாயைப் பின்பற்றுகிறது. கால்வாய் நிலத்தின் சரிவைப் பின்பற்றுகிறது. சரிவு கடலில் முடிகிறது. ஆகவே எந்தத் தண்ணீரின் ஓரமாகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டால், எங்கே போய்ச் சேருவோம் என்பதைப் பலகையைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டுச் சுமார் 10 கி.மீ. ஓடிக் காலாங் வடிநிலத்தை அடைகிறது. பூங்காவுக்குள் அது 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோடான சிமெண்ட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து 3 கி.மீ.க்கும் சற்று அதிகமாக ஓடும் இயற்கையான நீரோடையாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை பெய்தால் இந்த ஓடை வெகு வேகமாகப் பெருகும். அதற்காகவே எச்சரிக்கை விளக்குகளும் ஒலிப்பான்களும் கரையில் நிறுவப்பட்டிருக்கின்றன. ஓரமாகப் போகிறவர்கள் முதலில் கண்டுவைத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கம்பங்களைத்தான். திசைப் பலகை அதற்கு அடுத்ததுதான்.

பூங்காவை விட்டு வெளியேறியதும் ஆறு மீண்டும் சிமெண்ட் சுவர்களுக்குள் போய்விடுகிறது. பீஷானின் பள்ளிகளையும் குடியிருப்புகளையும் கடந்து பிராடல் சாலை வரை பாதை தெளிவாக இருக்கிறது: ஒரு பக்கம் கால்வாயின் கைப்பிடிக் கம்பிகள், மறுபக்கம் மரங்கள். சிக்கல் தொடங்குவது சாலை குறுக்கிடும் இடத்தில். ஆறு பாலத்தின் அடியில் தடையில்லாமல் நுழைந்துவிடுகிறது. மிதிவண்டிக்காரர் கரையை விட்டு மேலேறி, சாலையோரமாகச் சற்றுத் தொலைவு சென்று, போக்குவரத்து விளக்கில் காத்திருந்து கடந்து, மறுகரையில் பாதை எங்கே மீண்டும் தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. விளக்கைக் கடந்ததும் வலமா இடமா என்று கேட்கத் தோன்றும் அந்த இடத்தில்தான் பலகை வேண்டும். பல கடப்புகளில் அது அடுத்த ஐம்பது மீட்டர் தள்ளி, சரியான பாதையில் ஏற்கெனவே ஏறிவிட்டவருக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் நின்றுகொண்டிருக்கிறது.

பொத்தோங் பாசிரில் சறுக்கலான கூரைகள் கொண்ட, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் தெரிந்ததும் நிம்மதி வந்தது. அந்தக் கூரைகளை வேறெந்தப் பேட்டையோடும் குழப்பிக்கொள்ள முடியாது. கரையோரம் ஒரு பெரியவர் பழைய சைக்கிள் ஒன்றை நிழலில் நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நான் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, தமிழர் என்று கண்டுகொண்டு கேட்டார்:

“எங்க தம்பி போகணும்?”

“காலாங் வரைக்கும்ணே. அடுத்த ரோட்டுக்குப் பேரு என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“ரோட்டுப் பேரெல்லாம் எதுக்கு? இந்த லோங்காங்க விட்டுடாம போங்க. ரோடு குறுக்க வந்தா கடந்துட்டு மறுபடி லோங்காங்கத் தேடுங்க. வேற ஒண்ணும் பாக்க வேணாம்.”

லோங்காங் என்பது கால்வாய்க்கு இங்கே வழங்கும் மலாய்ச் சொல். இன்று நான் பெற்ற வழிகாட்டல்களில் இதுவே மிகவும் பயனுள்ளது. சாலைப் பெயர்களை வரிசையாக நினைவில் வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கடப்பிலும் தண்ணீர் எங்கே என்று மட்டும் பார்க்கத் தொடங்கியபின் பயணம் எளிதாகிவிட்டது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கோலம் ஆயர் பகுதியை நெருங்கும்போது வலப்புறமிருந்து வாம்போ ஆறு வந்து சேருகிறது. கடலை நோக்கிப் போகிறவருக்கு அதனால் குழப்பம் இல்லை. இரண்டு நீரும் ஒரே திசையில்தான் போகின்றன. ஆனால் காலாங்கிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர் அங்கே இரண்டு கால்வாய்களைப் பார்ப்பார். ஒன்று பீஷானுக்கு, மற்றொன்று வாம்போ பேட்டைக்கு. மேலும் மரினா அணைக்கட்டு 2008இல் வந்தபின் காலாங் வடிநிலம் நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டதால், இந்தக் கீழ்ப்பகுதியில் நீரின் ஓட்டத்தைக் கண்ணால் காண முடிவதில்லை. ஓட்டம் தெரியாத இடத்தில் ஆற்றைக் கேட்டு வழி அறிய முடியாது. அங்கே எழுத்துதான் உதவ வேண்டும்.

இந்த ஆற்றின் இருபுறமும் 2 கி.மீ. தொலைவுக்குள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் தெரிவித்தது. ஆற்றங்கரை வழியாகப் பீஷானிலிருந்து நகர மையத்துக்கு இறங்காமல் ஓட்டிச் செல்ல, சாலைகள் குறுக்கிடும் இடங்களில் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் அமைக்கும் திட்டத்தையும் அப்போதே முன்வைத்தது. அந்தத் திட்டத்தின் அருமை, ஒவ்வொரு கடப்பிலும் நின்று தேடியவருக்கே முழுமையாகப் புரியும்.

செவ்வாய்க்கிழமை: அங் மோ கியோவின் செம்பாதை

இன்று தண்ணீரே இல்லாத பாதை. அங் மோ கியோ அவென்யூ 8 ஓரமாக, உயரத்தில் ஓடும் ரயில் தடத்தைத் துணையாகக் கொண்டு, இயோ சூ காங் நிலையம் வரை நடப்பதற்கும் ஓட்டுவதற்கும் அமைத்திருக்கும் 2.6 கி.மீ. தடத்தில் சென்றேன். மிதிவண்டிக்கான பகுதி செங்காவி நிறத்திலும் நடப்பவர்களுக்கான பகுதி சாம்பல் நிறத்திலும் இருக்கின்றன. பூங்கா இணைப்புப் பாதையில் கால்வாய் செய்யும் வேலையை இங்கே நிறம் செய்கிறது. சிவப்பு தொடரும் வரை வழி தொடர்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் புரியும் குறிப்பு.

பேருந்து நிறுத்தங்களில் பாதை நிறுத்தத்தின் பின்புறமாகச் செல்கிறது. பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் குறுக்கே வருவார்கள் என்பதால், அங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் குறிகள் தரையிலேயே வரையப்பட்டுள்ளன. மிதிவண்டிப் பாதைகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.; நடைபாதைகளில் 10 கி.மீ. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கென்று தனியாகக் குறிக்கப்பட்ட பாதையில் மிதிவண்டி ஓட்டக் கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. எனவே தரையில் உள்ள படங்களை வாசிப்பது இப்போது வழி அறிவதற்கு மட்டுமன்றிச் சட்டத்தை மீறாமல் இருப்பதற்கும் தேவை.

செம்பாதையை விட்டுப் பேட்டைக்குள் திரும்பினால் வேறோர் ஒழுங்கு கைகொடுக்கிறது. வீவக அடுக்குமாடிகளின் சுவரில் தொலைவிலிருந்தே தெரியும்படி எழுதியிருக்கும் பெரிய எண்களில், அங் மோ கியோ போன்ற நகரங்களில், முதல் இலக்கம் அந்தக் கட்டடம் எந்த அக்கம்பக்கத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. நூறுகளில் தொடங்கிய எண்கள் இருநூறுகளுக்கு மாறினால் ஓர் அக்கம்பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள். கடிதம் கொண்டு சேர்ப்பதற்காகவும் வீடு தேடுவதற்காகவும் ஏற்பட்ட இந்த எண்வரிசை, மிதிவண்டிக்காரருக்குத் தலை நிமிர்ந்து பார்த்தாலே கிடைக்கும் வழிகாட்டியாகப் பயன்படுகிறது. சேணத்தில் உட்கார்ந்தபடி கைப்பேசியைத் துழாவுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது இங்கே குற்றமும்கூட.

வாடகை மிதிவண்டிகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றைக் குறிக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் வைத்து, அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வருடினால்தான் வாடகைக் கணக்கு முடியும். ஆகவே பயணத்தின் இறுதிப்புள்ளியைத் தீர்மானிப்பது சேர வேண்டிய வீடோ கடையோ அன்று, அதன் அருகிலுள்ள நிறுத்துமிடம்தான். புறப்படும் முன்பே அதை வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

புதன்கிழமை: மழை

காலையிலிருந்து மழை. தாழ்வான கடப்புகளில், குறிப்பாகப் பாலத்தடியில் கால்வாய் மட்டத்துக்கு இறங்கும் பாதைகளில், இத்தகைய நாளில் போகவே கூடாது. அரசின் இணைய வரைபடமான ஒன்மேப் தளத்தில் மிதிவண்டிக்கான வழித்தேடலைப் பயன்படுத்தி மீதி வாரத்தைத் திட்டமிட்டேன்.

திட்டமிடும்போது குறித்துக்கொண்ட ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். பாதையோர விளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் விழுந்துவிட்டாலோ வேறொருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டாலோ, உதவிக்கு அழைக்கும்போது பாதையின் பெயரையும் அந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் போதும். முகவரியே இல்லாத இடத்தில் அதுதான் முகவரி. பிள்ளைகளைத் தனியே ஓட்ட அனுப்பும் பெற்றோர் வேறெதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ இல்லையோ, இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை: பொங்கோல், கோனி தீவு, லோரோங் ஹலுஸ்

வடகிழக்கு ஆற்றோர வட்டப்பாதை 26 கி.மீ. நீளமுடையது. வட்டப்பாதை என்ற ஏற்பாடே வழி தேடுகிறவருக்குப் பெரிய உதவி: திசை தவறினாலும் எப்படியும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். ஆனால் இங்கே வலமாகச் சுற்றுகிறோமா இடமாகச் சுற்றுகிறோமா என்பதில் தெளிவு வேண்டும். இல்லையென்றால் பலகையில் இரு திசைகளிலும் எழுதியிருக்கும் பூங்காப் பெயர்களில் எது அடுத்தது, எது கடந்துவந்தது என்று தெரியாமல் நிற்க நேரும்.

பொங்கோல் நீர்வழி 4.2 கி.மீ. நீளத்துக்கு மனிதர்கள் வெட்டியது; 2011இல் திறக்கப்பட்டது. அதன் இருமுனைகளிலும் பொங்கோல், சிராங்கூன் ஆறுகளை அணைகட்டி நீர்த்தேக்கங்களாக்கியிருக்கிறார்கள். இரண்டு தேக்கங்களை இணைக்கும் நீர் என்பதால் ‘தண்ணீர் போகும் பக்கம்’ என்று இங்கே ஒன்று இல்லை. திங்கட்கிழமை கற்ற பாடம் இங்கே செல்லாது. அந்த இடத்தைப் பாலங்கள் நிரப்புகின்றன. கேலோங், ஜுவல், சன்ரைஸ், அட்வென்ச்சர் என்று பெயரிட்ட பாலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவத்தில் இருப்பதால், ஒரு பாலத்தைப் பார்த்ததுமே நீர்வழியின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் சிமெண்ட் நடைபாலங்களை அடுத்தடுத்து வைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. அழகுக்காகச் செய்தது வழிகாட்டவும் பயன்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நீர்வழியை விட்டு வடக்கே போனால் கோனி தீவு. சுமார் 50 ஹெக்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா 2015 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கிலும் கிழக்கிலும் வாயில்கள் உள்ளன. ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறலாம். தார்ப்பாதை இல்லை, சரளையும் மண்ணும்தான். விளக்குகளும் இல்லை, மாலை 7 மணிக்கு வாயில்கள் மூடப்படும். தீவைக் கடந்து அப்பால் போகலாம் என்று மாலை ஆறரைக்கு மேற்கு வாயிலில் நுழைகிறவர் மறுபக்கம் மூடுவதற்குள் போய்விட வேண்டும். திறந்திருக்கும் நேரம் வாயிலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் வட்டப்பாதையில் வெகு முன்னதாகவே, இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில், அதே அறிவிப்பு இருந்தால் எத்தனையோ பேருக்குத் திரும்பி ஓட்டும் வேலை மிச்சமாகும். யூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து புறப்பட்டுத் தீவின் குறுக்காக 36 கி.மீ. வரும் கரைக்குக் கரை நடைவழியும் இங்கேதான் முடிகிறது. அவ்வளவு தொலைவு வந்தவர்கள் மாலையில் வந்து சேர்வதும் இயல்புதானே.

கிழக்கு வாயிலிலிருந்து சிராங்கூன் தேக்கத்தின் ஓரமாகத் தெற்கே இறங்கினால், லோரோங் ஹலுஸின் சிவப்புப் பாலம் தெரியும். வடகிழக்கில் வழி கேட்பவருக்கு எல்லோரும் சொல்லும் அடையாளம் இந்தப் பாலமே. பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஈரநிலம் 1999 வரை குப்பை கொட்டும் இடமாக இருந்தது. அந்தக் குப்பைமேட்டிலிருந்து கசியும் நீர் தேக்கத்தில் கலந்துவிடாதபடி அதைத் திரட்டி நாணற் படுகைகளில் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் சுற்றித்தான் இன்றைய நடைவழிகள் அமைந்திருக்கின்றன. இருபுறமும் நாணல் நிற்க ஓட்டும்போது கீழே என்ன புதைந்திருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. பாதை அந்தப் படுகைகளை ஒட்டி ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பதும் அப்போது புரியும்.

பாசிர் ரிஸ் நோக்கிப் போகும் பகுதியில் பெரும் கட்டுமானப் பணிகள் நடக்கின்றன. தடுப்புத் தகடுகள் பாதையை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. மாற்றுப்பாதையின் தொடக்கத்தில் அம்புக்குறி இருக்கிறது. அது முடிந்து பழைய பாதையில் மீண்டும் சேரும் இடத்தில் ஒன்றும் இல்லை. மிதிவண்டியில் வருகிறவருக்கு மாற்றுப்பாதையின் தொடக்கத்தைவிட அதன் முடிவைக் காட்டுவதுதான் முக்கியம், ஏனென்றால் தொடக்கத்தில் தடுப்பே வழியை மறித்துச் செய்தி சொல்லிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை: கடல் வலப்புறம்

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் திசை கேட்கத் தேவையே இல்லை. நகரத்திலிருந்து சாங்கி நோக்கிப் போகும்போது கடல் வலப்பக்கம், விரைவுச்சாலை இடப்பக்கம். 1960களின் பிற்பகுதியிலிருந்து கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு இந்தப் பூங்கா கிடக்கிறது. மேடு பள்ளம் இல்லை, மிதிவண்டிக்கும் நடைக்கும் தனித்தனித் தடங்கள். புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல எனக்குத் தெரியாது.

இங்கே வழி தவறுவது நீளவாக்கில் அன்று, குறுக்குவாக்கில். பூங்காவுக்கும் மரின் பரேட், சிக்லாப், பிடோக் குடியிருப்புகளுக்கும் நடுவே கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலை ஒரு மதிலாக நிற்கிறது. அதைக் கடக்கச் சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும் சில இடங்களில் மட்டுமே உள்ளன. ஒன்றை விட்டுவிட்டால் அடுத்தது வரை போக வேண்டும். அடர்ந்த மரங்களுக்கு நடுவே சுரங்கப்பாதையின் வாய் எளிதில் கண்ணில் படுவதுமில்லை. இதற்கும் தண்ணீரே தீர்வு தருகிறது: சிக்லாப் கால்வாய் கடலில் விழும் இடத்தைக் கண்டுகொண்டால், அதையொட்டிய இணைப்புப் பாதை வழியாக ஊருக்குள் போய்விடலாம். கடற்கரையில் ஓட்டும்போது பாதை சிறு பாலமொன்றில் ஏறி இறங்கினால், அடியில் ஏதோ ஒரு கால்வாய் வந்து சேருகிறது என்று பொருள். உள்ளே போகும் வழி பெரும்பாலும் அந்தக் கால்வாயின் கரையில் கிடைக்கும்.

பூங்காவிலிருந்து சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் வரை 3.5 கி.மீ. இணைப்புப் பாதை 2020இல் திறக்கப்பட்டது. வழியில் ஆளுயரத்துக்கும் மேலான டைனோசர் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும் என்பதால் மெதுவாகத்தான் போக முடியும். முனையத்தருகே மிதிவண்டி நிறுத்தவும் குளிக்கவும் வசதி இருக்கிறது. உலகின் பல விமான நிலையங்களுக்கு மிதிவண்டியில் போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இங்கே பூங்கா வழியாகவே போய்ச் சேரலாம் என்பது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

இப்போது இந்தக் கரையோரப் பாதைகள் தீவைச் சுற்றிவரும் 150 கி.மீ. வட்டப்பாதையின் பகுதியாகிவிட்டன. அதன் கிழக்குப் பாதி, 75 கி.மீ., 2021 இறுதியில் தயாரானது.

சனிக்கிழமை: பழைய ரயில் தடம்

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கி.மீ. நீளும் ரயில் தடம், 2011 ஜூலை 1ஆம் தேதி மலாயா ரயில்வேயிடமிருந்து சிங்கப்பூரிடம் வந்தது. சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் தீவைத் தெற்கு வடக்காக அறுத்துச் செல்வதால், இதில் ஏறியவருக்குத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வடக்கா, தெற்கா. இன்று தெற்கிலிருந்து வடக்கே ஓட்டினேன். விடுமுறை நாள் என்பதால் நடப்பவர்கள் மிகுதி. மணியடித்து, பொறுத்துப் போக வேண்டிய பாதை.

ரயில் செங்குத்தாக ஏறாது. 164 மீட்டர் உயரமுள்ள புக்கித் தீமா குன்றின் காலடியில் போகும்போதும் தடம் சமமாகவே இருப்பதற்கு அதுவே காரணம். மிதிவண்டிக்காரர் தம் கால்களைக் கொண்டே உணரக்கூடிய வழிகாட்டி இது. திடீரென்று ஒரு மூச்சு வாங்கும் ஏற்றம் வந்தால், தடத்தை விட்டு ஏதோ ஓர் இணைப்புச் சாலையில் ஏறிவிட்டோம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

குவீன்ஸ்டவுன் பகுதியைக் கடக்கையில் காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்த ரயில்வே ஊழியர்கள் 1932இல் குவீன்ஸ்வே அருகே எழுப்பிய சிறு கோயிலே பின்னர் இடம்பெயர்ந்து இன்றைய ஆலயமாக வளர்ந்திருக்கிறது. இந்தத் தடத்தைப் பராமரித்த உழைப்பில் நம்மவர்களின் பங்கு பெரிது. பாதையோரத் தகவல் பலகைகளை நின்று படிக்கிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு மேலே போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அதே 1932இல் கட்டிய புக்கித் தீமா நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாதபடி ஓட்டுநர்கள் சாவி போன்ற ஓர் அடையாளத்தை நிலையத்தில் மாற்றிக்கொண்டு செல்லும் பழைய முறை, ரயில் நின்ற நாள் வரை இங்கே வழக்கத்தில் இருந்தது. நிலையத்தின் அருகே சாலையைத் தாண்டும் இரும்புப் பாலமும், ரயில் மால் கடைகளுக்குப் பக்கத்தில் அதைப் போன்ற இன்னொரு பாலமும் நின்று, எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதைக் காட்டுகின்றன. பாலங்களில் கூட்டம் இருக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

இந்தத் தடத்தில் குறை ஒன்று இருக்கிறது. தடம் பல இடங்களில் சாலை மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ ஓடுவதால், வெளியேறும் படிகளும் சரிவுகளும் இடைவெளி விட்டே வருகின்றன. உள்ளே இருக்கும்போது வெளியே இருக்கும் ஊர் தெரிவதில்லை. வெளியேறும் வழியில் நிற்கும் பலகை சாலையின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. மிக அருகிலுள்ள ரயில் நிலையம் எது, படியா சரிவா என்பதையும் சொல்ல வேண்டும். மடக்கு வண்டி வைத்திருப்பவர் படியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிள்ளை இருக்கை பொருத்திய வண்டியைத் தள்ளிவரும் தாய் என்ன செய்வார்? கிராஞ்சி நிலையத்தின் அருகே வெளியேறி, வண்டியை மடக்கி, ரயிலேறினேன். மடக்கிய அளவு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் எந்த நேரத்திலும் ரயிலில் கொண்டுபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை: உலு பாண்டான்

வார இறுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம் கிளமெண்டி அருகே உலு பாண்டான் கால்வாய். யூரோங் தொழிற்பேட்டைக்காக 1960களில் போட்டுப் பின்னர் கைவிடப்பட்ட கிளைத் தடத்தின் இரும்புப் பாலம் இங்கே கால்வாயின் மேலே குறுக்கிடுகிறது. கீழே கால்வாயோரம் பூங்கா இணைப்புப் பாதை, மேலே ரயில் தடம், சற்றுத் தள்ளிப் பேட்டையின் மிதிவண்டிப் பாதை, அதற்கும் அப்பால் உயரத்தில் ஓடும் பெருவிரைவு ரயில். இந்த வாரம் தனித்தனியாகப் பார்த்த எல்லா வகைப் பாதைகளும் நடந்துபோகும் தொலைவுக்குள் கூடியிருக்கின்றன.

பாலத்தடியில் வெகுநேரம் நின்று, வருகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்தேன். கால்வாயோரம் நேராகப் போகிறவர் யாரும் தயங்கவில்லை. கால்வாயிலிருந்து பேட்டைக்கோ, பேட்டையிலிருந்து கால்வாய்க்கோ மாறுகிறவர்கள்தான் வேகத்தைக் குறைத்து, ஒரு காலை ஊன்றி, கைப்பேசியை எடுத்தார்கள். ஒரு வகைப் பாதையிலிருந்து இன்னொரு வகைப் பாதைக்கு மாறும் மூட்டுகளில்தான் வழி தொலைகிறது என்பதைத் திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு நாளும் கண்டேன். பலகைகளோ பெரும்பாலும் நேரான பகுதிகளில்தான் நிற்கின்றன.

அத்தகைய மூட்டு ஒவ்வொன்றிலும் கண்மட்டத்தில் ஒரு பலகை, தரையில் ஒரு குறி என்று இரண்டும் இருக்க வேண்டும். நிற்கும் இடத்தின் பெயர், இரு திசைகளிலும் அடுத்துச் சேரும் பூங்கா அல்லது ரயில் நிலையமும் அதன் தொலைவும், கால்வாயோரமானால் நீர் எந்தப் பக்கம் கடலுக்குப் போகிறது என்பதைக் காட்டும் ஓர் அம்பு, பூட்டப்படும் வாயிலோ படியோ வழியில் இருந்தால் அதன் குறிப்பு: இவ்வளவும் ஒரு பலகைக்குள் அடங்கும். தீவெங்கும் மிதிவண்டிப் பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கி.மீ. அளவுக்கு நீட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பாதை நீள நீள மூட்டுகளும் பெருகும் என்பதால், புதிய பாதையின் சாயம் காயும்போதே அவற்றுக்கான பலகைகளும் நடப்பட வேண்டும் என்று, என் பேட்டையின் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்பு நேரத்தில் நேரில் சொல்வதற்காகக் கடப்புகளின் படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறேன்.